நீ கொடுத்த காரில் சார்ஜ் ஏறாத கதை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான் மணவாளனுக்கு,

உன் மாமா மதிவாணன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா செல்லியம்மாளும் மகள் சத்யாவும் சுகம். அங்கே நீயும் பானுவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வீரராகவப் பெருமாள் துணை நிற்கட்டும். சுகம் என்று எழுதியது மரியாதைக்குத்தான். நேற்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், நீ ஓட்டி அலுத்துப்போய் என் தலையில் கட்டிய அந்தக் கார்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். சொன்னால் நீ பாதியில் "சர்தான் மாமா, சூப்பர்வைசர் வராரு" என்று வைத்துவிடுவாய். அதோடு இந்தக் கடிதத்தை நீ, சத்யாவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா ஆதிநாராயணன் அவர்களிடம் அப்படியே காட்டவேண்டும். நாங்கள் வேண்டுமென்றே போனை அணைத்துவிட்டு அவர்களைக் கோயிலில் நிற்கவைத்தோம் என்று நினைக்கிறார். தாய்மாமன் நீ கொண்டுவந்த சம்பந்தம் இது. முறிந்துபோகாமல் காப்பாற்றுவதும் உன் பொறுப்பு.

நடந்ததைக் கேள். புரட்டாசி சனிக்கிழமை, திருவள்ளூர் பெருமாள் கோயிலில், ராகு காலத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தவன் நீ, செய்துவிட்டுக் காக்களூரில் ஷிஃப்ட் இருக்கிறது என்று கையை விரித்தவனும் நீ. மாப்பிள்ளை அன்புசெல்வனின் போட்டோ என் போனில், அவர் அப்பா நம்பர் என் போனில், அந்தப் போனில் இருந்த சார்ஜையோ விடியற்காலையில் கூப்பிட்டு, நான் வேட்டி கட்டுவதா பேண்ட் போடுவதா என்று பேசிப் பேசியே நீ தின்று தீர்த்தாய். உன் அக்கா தன் போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். சரி, காரில் யூ.எஸ்.பி. இருக்கிறதே, போகிற வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒயரைச் செருகினேன். ஏறவில்லை. திருப்பிச் செருகினேன், ஊதிச் செருகினேன், அழுத்திச் செருகினேன், ஏறவில்லை. அனல்மின் நிலையத்தில் காலமெல்லாம் கரண்ட் எடுத்து ஊருக்கு அனுப்பிய எனக்கு, என் சொந்தக் கார் ஒரு போனுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டேன் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

புதுவாயல் ஜங்ஷனில் போன் கடை வைத்திருக்கும் கிறிஸ்டினா என்ற அம்மாள் புது ஒயரும் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒயர் நல்லாத்தான் கீது சார், உங்க வண்டிதான் பேஜாரு பண்ணுது. சிகரெட் பத்த வெக்கிற ஓட்டை கீது பாருங்க, அதுல இத்த சொருகுங்க" என்று ஒரு சார்ஜரைக் கொடுத்தார்கள். செருகினேன். உள்ளே ஏதோ நறநறவென்றது. சார்ஜ் வரவில்லை, கார் முழுக்க ஜவ்வாது வாசனை வந்தது. உன் அக்கா, நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தைப் பெரியபாளையம் ரோடு வரைக்கும் ஹாரனில் காட்டிக்கொண்டே போனேன்.

அங்கே மெக்கானிக் பாக்கியராஜ் டார்ச் அடித்துப் பார்த்தான். சிகரெட் ஓட்டையிலிருந்து உடைந்த ஊதுபத்தி ஒன்று வந்தது. யூ.எஸ்.பி. ஓட்டையிலிருந்து காய்ந்த சந்தனமும் குங்குமமும் கட்டிகட்டியாக வந்தன. "இன்னா சார், வண்டிக்குள்ள கோயிலே கட்டிக்கினு கீறீங்க" என்கிறான். போன ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், ஊதுபத்தி செருக அந்த ஓட்டை வாகாக இருந்தது, செருகினேன். இதில் என்ன தப்பு? பிளாண்டில் எத்தனை பேனலுக்குப் பொட்டு வைத்திருப்பேன், ஒரு மெஷினாவது முகம் சுளித்ததா? சாவி கொடுத்தாய், ஆர்.சி. புத்தகம் கொடுத்தாய், எந்த ஓட்டைக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அவன் ஊசியால் நோண்டியதில் உள்ளே இருந்த தகடும் சேர்ந்து வந்துவிட்டது. "அவ்ளோதான் சார், இது அவுட்டு" என்றான். அதே நேரத்தில் என் போனும் அவுட்டு. அங்கேயே நின்று ஏற்றலாம் என்றால் ராகு காலம் துரத்துகிறது.

கோயிலில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். நான் ஞாபகத்தில் இருந்த முகத்தை வைத்து, அப்பா அம்மாவோடு நின்ற ஒரு பையனைக் கண்டுபிடித்து வணக்கம் வைத்தேன். உன் அக்கா பழத்தட்டை நீட்டினாள். அவர்கள் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, பையில் கொட்டிக்கொண்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒவ்வொரு பையனாக உற்றுப் பார்த்தேன். ஒருவன், "யோவ் பெருசு, இன்னா மொறைக்கிற?" என்றான். சத்யா பாவம், பையை அணைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். ராகு காலமும் வந்தது, நாங்களும் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டால் ஆதிநாராயணன் அவர்களின் செய்தி: "பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். போனை அணைத்துவிட்டு ஒளிவது பெரிய மனிதத்தனம் இல்லை." கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆகவே நீ போய்க் கையைக் காலைப் பிடித்து விளக்கிச் சொல். கல்யாணமானதும் சத்யா வேலையை விட்டுவிடுவாள் என்று அவருக்கு நான் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது என்றும் சொல். காக்களூருக்கு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பானுவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, கோபம் ஆறிய பிறகு.

இப்படிக்கு,
உன் மாமா
மதிவாணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஆதிநாராயணன் அவர்களிடம் காட்டாதே. நான் கவர் தேடப் போன நேரத்தில் சத்யா இதைப் படித்துவிட்டாள். "காரை எதுக்குப்பா இந்தத் திட்டு திட்றீங்க? என் போன் பையில ஃபுல் சார்ஜோட இருந்துச்சி. நீங்க அனுப்பிச்ச போட்டோ, அவங்க நம்பர், எல்லாம் அதுல கீது" என்றாள். ஏன் கொடுக்கவில்லை என்று கத்தினேன். "நீங்க கேக்கல. வேலைய உட்டுடுவான்னு வாக்கு குடுத்தப்பவும் என்னைக் கேக்கல. போன மாசந்தாம்ப்பா கம்பெனில என்னை லைன் லீடரா ஒசத்திப் போட்டாங்க. எனக்கு இந்த எடம் வேணாம்" என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது மச்சான். பெரியவர்கள் விஷயத்துக்கு அவளிடம் என்ன கேட்பது என்றுதான் இருந்துவிட்டேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, உனக்கான திட்டை நீ வைத்துக்கொள். அவர் வீட்டுக்கு மட்டும் அவசியம் போ. காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேள். கார், சார்ஜ், சந்தனம் எதையும் இழுக்காதே. பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொல். யார் முடிவு என்று கேட்பார். சத்யாவின் முடிவு, அவள் அப்பாவுக்கும் அதுதான் முடிவு என்று சொல்லிவிட்டு வா.