இயக்குநர் ஓட்டிக் காட்டிய வாட்டர் ஸ்கூட்டர்

பாதுகாப்பு என்ற ஒன்று உலகத்திலேயே முதன்முதலாக எங்கள் அலுவலக மாடியில், இயக்குநரின் அறையில்தான் தோன்றியது. அதற்கு முன்பு மக்கள் ஏதோ அதிர்ஷ்டத்தால் உயிரோடு இருந்து வந்தார்கள். ஏரி நிர்வாகத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கும் நான் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஏரியில் வாடகைக்கு விடும் வாட்டர் ஸ்கூட்டர்களைப் 'பொறுப்போடு' ஓட்டுவது எப்படி என்று ஆராய இயக்குநர் ஒரு குழு அமைத்தார். தண்ணீரில் இறங்கிய அனுபவம் உள்ள யாரையும் அதில் சேர்க்கவில்லை. அனுபவம் இருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். பல கூட்டங்களுக்குப் பிறகு, இயக்குநரே பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டுவது என்று ஏகமனதாக முடிவானது.

விழா நாளில் கரையில் மேடை, மைக், நாற்காலிகள். ஏரியின் உயிர்காப்பாளரான பெண் ஒரு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினாள்.

"போட்டுக்குங்க சார்."

"கோட்டு மறைஞ்சிடுமேம்மா."

ஆனால் ஜாக்கெட்டை அவர் அவமதிக்கவில்லை. மேடையில் முதல் நாற்காலியில் அதை உட்கார வைத்தார்.

அடுத்து அவள் ஒரு சுருள் கயிற்றைக் காட்டினாள். "இதைக் கையில மாட்டிக்கணும் சார். நீங்க விழுந்தா கயிறு கழண்டு இன்ஜின் நின்னுடும்."

"நான் விழணும்னு எந்த உத்தரவுல இருக்கு?"

"உத்தரவுல இல்ல சார்."

"அப்ப வண்டியிலயே கட்டிடு. பாதுகாப்பு வண்டிக்கும் வேணும்ல."

அவள் கட்டினாள். "இன்னொண்ணு சார். திரும்பும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுடாதீங்க. விட்டா ஹேண்டில் எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும்."

"வேகத்தைக் குறைக்காதேன்னு சொல்ற பாதுகாப்பை நான் இப்பதான் கேக்கறேன்."

இயக்குநரின் மனைவி கணவரின் சாதனையை அருகிலிருந்து பார்க்க ஒரு மிதிபடகில் ஏரிக்குள் போயிருந்தார். நிர்வாகத்தில் பதவி எதுவும் இல்லாததால் சொன்னதைக் கேட்டு ஜாக்கெட் போட்டிருந்தார்.

இயக்குநர் கம்பீரமாகத்தான் புறப்பட்டார். ஒரு கையால் மக்களுக்கு வாழ்த்துச் சொன்னபடி ஏரியின் நடுவே போனவர், எதிரே மிதிபடகைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை முழுக்கத் திருப்பினார். வண்டி அரசாங்கம் போல நேராகவே போனது.

"என்னங்க, இந்தப் பக்கம் வராதீங்க."

"நான் எங்கடி வரேன், இதுதான் வருது."

மோதியதில் இருவரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள். இன்ஜின் அணையாத வண்டி, ஓட்டுபவர் இல்லாத நிம்மதியில் மெல்ல வட்டமடித்தது. மைக்கைப் பிடித்திருந்த நான் கடமை தவறவில்லை. "இயக்குநர் இப்போது ஏரியின் ஆழத்தை நேரில் ஆய்வு செய்கிறார்" என்றேன். பலத்த கைதட்டல். உயிர்காப்பாளர் மட்டும் கைதட்டாமல் குதித்தாள்.

அவள் போய்ச் சேரும்வரை மனைவிதான் மிதந்தபடி அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த விபத்துக்கு யாரு காரணம்னா..."

"பேசாதீங்க. வாயை மூடினாத்தான் தண்ணி உள்ள போகாது."

வட்டமடித்து வந்த வண்டி தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனபோது உயிர்காப்பாளர் இருவரையும் இழுத்து விலக்கிக் கரை சேர்த்தாள்.

மறுநாள் விசாரணை. தலைமை, இயக்குநர். நடந்ததை உயிர்காப்பாளர் உள்ளபடி சொன்னாள். நீச்சல் தடைசெய்யப்பட்ட பகுதியில் நீந்திய குற்றத்துக்காக அவளை வாகன நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவை என் கையாலேயே எழுத வைத்தார்கள்.

பிறகு இயக்குநர் என்னிடம் திரும்பினார். "மனுஷங்க மேல தப்பே இல்லைய்யா. எல்லாம் தண்ணி பண்ண வேலை. வாசல்ல ஒரு போர்டு வைங்க. தண்ணின்னு எழுதாதீங்க, கொச்சையா இருக்கு. நல்ல தமிழ்ல இருக்கட்டும். மேல என் படம் பெரிசா வேணும்."

அப்படியே செய்தேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்து, என் தமிழைப் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். இப்போது ஏரி வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது அந்தப் பலகை. மேலே அவர் முகம், அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரே வரி:

"விபத்துக்கு முழுக் காரணம் நீரே."