உடையாத எழுத்து

பாதி வழியில் கணினி மறுபடியும் உயிரை விட்டது. மோரிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். நாளை மாலை கிறிஸ்துமஸ் பூசைக்கான ஒத்திகை. குருண் ஊர்த் தொழிற்சாலையில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அதட்டி ஓட வைக்கிற மனுஷர் அவர். பீடோங்கில் அவர் வீட்டு மேசை மேல் இருக்கும் இந்தப் பெட்டி மட்டும் அடங்குவேனா என்கிறது.

எல்லாம் ஈஸ்டரில் ஆரம்பித்த வினை. பாடகர் குழு கைப்பேசியைப் பார்த்துப் பாடுவது நன்றாக இல்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். வரிகளைத் திரையில் போடும் வேலையை மோரிஸ் வலியப் போய் வாங்கிக்கொண்டார். அவர் பிடித்த இலவச மென்பொருளோ, தமிழைக் கண்டதும் கொம்பை ஒரு பக்கம், காலை ஒரு பக்கம் பிய்த்துப் போட்டது. குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குழுத்தலைவி அகத்தா, அதாவது மோரிஸின் மனைவி, தனியாகவே பாடி முடித்தாள். அன்றிலிருந்து அவள் சமையலறையில்கூடப் பாடுவதில்லை. மோரிஸுக்கு மீன் குழம்பே ருசிக்கவில்லை.

மென்பொருளை எழுதியவர்கள் இப்போது தமிழ்க் கோளாறைச் சரிசெய்துவிட்டார்களாம். ஆனால் புதிய பதிப்பு வர மாதக்கணக்காகும். அவசரமென்றால் மூலநிரலை இறக்கி மென்பொருளை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். நாம் கட்டாத இயந்திரமா என்று மோரிஸ் ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி உட்கார்ந்தார்.

கட்டச் சொன்னால், ஒரு துணை நிரல் இல்லை என்றது. அதைக் கொடுத்தால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் மாமன் மச்சான் என்று வேன் பிடித்து வருவார்களே, அந்தக் கதைதான். எல்லாரையும் உட்கார வைத்ததும், நினைவகம் போதவில்லை என்று நின்றது. மோரிஸ் அகத்தாவின் கணினியைத் திறந்து, அதிலிருந்த நினைவகத்தைக் கழற்றி இதில் மாட்டினார். பாட்டு வரிகள் முழுக்க அவள் கணினியில்தான் இருந்தன. அது இப்போது வெறும் டப்பா.

"நல்லா இருந்ததையும் கெடுத்துட்டீங்களா?" என்றாள் அகத்தா.

"இத கட்டி முடிச்சதும் திரும்ப மாட்டிடுவேன். சபார்லா, கொஞ்சம் பொறுத்துக்க."

இப்போது சூடு. சூடு ஏற ஏற, பாதியில் படுத்துவிடுகிறது. மோரிஸ் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, காற்றாடியை அதன் பக்கம் திருப்பி முழு வேகத்தில் வைத்தார். ஓடியது. நிம்மதியாகப் பால் ஊற்றாத தே ஓ கலக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து அகத்தா எட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன, நடுநடுவே சிவப்பு வேறு. இது மனித வைத்தியத்துக்கு அடங்காது என்று முடிவு கட்டினாள். புனித அன்னம்மாள் திருவிழாவில் வாங்கி வந்த தீர்த்தத்தை, சிலுவை அடையாளம் போட்டுத் தாராளமாகத் தெளித்தாள். திறந்த பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

மறுநாள் காலை, வாசலில் காயும் மிளகாய்க்குப் பக்கத்தில் கணினிப் பாகங்களும் காய்ந்தன. போவோர் வருவோரெல்லாம் என்ன விலை என்று கேட்டார்கள். மோரிஸ் வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஓடியது! மூச்சு விடாமல் ஓடி, கட்டியும் முடித்தது.

"தீர்த்தம்," என்றாள் அகத்தா. மோரிஸ் நினைவகத்தை அவள் கணினிக்குத் திருப்பிக் கொடுத்து, பாட்டு வரிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஓர் எழுத்துகூட உடையவில்லை. சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து மெல்ல ஒரு பாட்டு வந்தது. மோரிஸ் காற்றாடியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

மாலையில் தேவாலயத் திரையில் தமிழ் அச்சடித்த மாதிரி நின்றது. ஃபாதரே கை தட்டினார். அகத்தா பூரித்துப்போய்க் கையை உயர்த்தினாள், முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள்.

குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கிட்டார் வாசிக்கும் எவலின் மட்டும் நெளிந்துகொண்டே மோரிஸிடம் வந்தாள்.

"அங்கிள், எழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆனா எங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாதுலா. போன்ல நாங்க தமிழ்ப் பாட்ட ஏபிசி எழுத்துலதான் எழுதி வச்சிருந்தோம், இங்கயும் அப்படியே போட முடியுமா?"