ஆறு பட்டன், ஏழு மாடி

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்கள் போன தடவை மறந்து விட்டுப்போன ஸ்வெட்டர் மட்டும் அவ்வளவு சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் கவனித்தது ஊதுவதைத்தான். நீங்கள் டீ ஊற்றும் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆபீசில் முதல் மாடிக்காரர்கள் டீயை ஊதி ஊதிக் குடிப்பார்கள். நான்காம் மாடியில் ஒரே ஒரு ஊதல், அதுவும் மரியாதைக்கு. ஏழாம் மாடியில் முதலாளிப் பெரியவர் ஊதுவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் மாதிரி ஒரே மடக்கு. கெட்டில் கீழிருந்து ஒரு மாடியும் தாண்டாமல், ஒவ்வொன்றிலும் நின்று ஊற்றித்தான் ஏற வேண்டும், லிஃப்ட்டில் அதற்கு இடமில்லை என்பது ஆபீஸ் சட்டம். ஆகவே பதவி ஏற ஏற டீ ஆறும். இத்தனைக்கும் சுவரில் சூடு புகாமல் தடுக்கிற பலகை விற்கும் கம்பெனி, சித்தப்பா.

நேற்று பெரியவர், "டீ லேசா ஆறியிருக்கே" என்றார். அவர் சொல்லும் ஒரு மாடியும் தாண்டாமல்தான் இறங்க வேண்டும். ஆறாம் மாடியில் அது "தினமும் ஆறிப்போன டீ" ஆனது. மூன்றாம் மாடியில் "ஐயா டீயையே விட்டுட்டாராம்" ஆனது. கீழே கேன்டீன் அக்காவிடம் வந்ததும் அவள் என்னிடம் சொன்னது: "பெரியவரு பட்டினியாம்டி! நாளைக்கு சூடா போகலைன்னா உன்னை நிறுத்திடச் சொல்லிட்டாங்க!" டீ மேலே போகப் போக ஆறுகிறது, பேச்சு கீழே வர வர கொதிக்கிறது.

வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வாய் வராமல்தான் நான் ஒன்பதாவதோடு நின்றேன். இந்த வேலையில் பேச வேண்டாம், ஊற்றினால் போதும். இது போனால், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் போன் எடுக்கிற வேலைதான். போன் மணி அடித்தாலே நான் அலமாரிக்குப் பின்னால் போய்விடுவேன்.

அதனால் இன்று காலை உங்கள் ஸ்வெட்டரைக் கெட்டிலுக்குப் போட்டுவிட்டேன். ஒரு கை வழியாக மூக்கு, கழுத்து வழியாகப் பிடி, ஆறு பட்டனும் இறுக்கமாக. இன்னொரு கை தொங்கியது. முதல் மாடி கிளார்க் அண்ணன், "யாரும்மா புது ஆளு? உக்காரச் சொல்லு" என்றார். இரண்டாம் மாடி அண்ணன் தொங்கிய கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழாம் மாடியில் பெரியவர் பழக்க தோஷத்தில் கண்ணை மூடி ஒரே மடக்கு. பிறகு "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சத்தம். அந்த "ஸ்ஸ்ஸ்ஸ்" கீழே வருவதற்குள் "ஐயாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம்" ஆகிவிட்டது. அப்போது அவர் கேன்டீன் வாசலிலேயே நின்று ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளையோட நின்னுக்கடி" என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போன் வேலைக்கு வருகிறேன். ஸ்வெட்டரையும் துவைத்துக் கொண்டுவருகிறேன். டீக்கறை போகாது, மன்னிக்கவும். சித்திக்கு என் வணக்கம், குட்டிப்பாப்பாவுக்கு முத்தம். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் புதன்கிழமை முடிந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், போன் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கடைசி நாள்தானே என்று கெட்டிலுக்கு மறுபடி ஸ்வெட்டரைப் போட்டு, சூடு கொஞ்சம் குறையட்டும் என்று மாடிக்கு ஒரு பட்டனாக அவிழ்த்துக்கொண்டே ஏறினேன். பெரியவர் பயந்துபோய் ஒரு தடவை ஊதினார், குடித்தார், டம்ளரைத் திரும்ப நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."

இந்தச் சொல் ஒவ்வொரு மாடியாக இறங்கினால் என்னை ஜெயிலில் போட்டுவிடுவார்கள். அதனால் ஏழு மாடியும் ஓடியே இறங்கி, அக்கா முன்னால் நின்று நானே சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் கேட்டாரு."

"அடிப்பாவி, உனக்குப் பேச வருமா!" என்றாள் அக்கா. "போ, நாளைக்கும் ஏறு."

ஸ்வெட்டர் வராது, சித்தப்பா. அதில் பட்டன் ஆறுதான். ஏழாம் மாடியில் அவிழ்க்க ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒரு மாடியையும் தாண்டக் கூடாதே. அப்பா சட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஏழாவதாகத் தைத்துவிட்டேன்.