குடும்ப மாதத் தீர்மானம் விசா அல்ல

கிரின்ஸ்டெட், டென்மார்க்
16.10.1988

அன்புள்ள மச்சான் நிக்கலஸ் அறிவது,

மடு மாதாவின் காவலில் நீங்கள் எல்லோரும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று உமது தந்தி வரும்வரைக்கும் நானும் சுகமாய்த்தான் இருந்தேன். "விசா கிடைத்தது. பற்றிமாவுடன் கொழும்பில் நிற்கிறேன்" என்று அடித்திருக்கிறீர். மச்சான், என் மனிசி பற்றிமாவுக்கு நான் அனுப்பிய கடதாசி விசா இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன், ஆறுதலாக வாசியும். எங்கள் ஊர்க் கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், சபை கூடி, ஒக்டோபரைக் குடும்ப மாதம் என்று தீர்மானம் போட்டார்கள். போன மாதம் முதியோர் மாதம், அதற்கு முந்தியது பல் சுத்த மாதம். மாதத்துக்கொரு தீர்மானம் போடாவிட்டால் இவர்களுக்கு உருளைக்கிழங்கு இறங்காது. குடும்பங்கள் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அதில் எழுதியிருப்பது. மேடையில் அதை வாங்க ஒரு தமிழ்க் குடும்பம் வேண்டுமாம். இங்கே தனியாகக் கிடக்கும் என்னைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் என்னிடம்தான் கோட் இருந்தது. மேயர் கைகுலுக்கி, "உங்கட மனிசி எங்க?" என்று கேட்டார். "ரெண்டு வருசமாக் கோப்பன்ஹேகன் கந்தோர் ஒண்டில, விசாப் பைலுக்குள்ள இருக்கிறா ஐயா" என்றேன். பகிடி என்று நினைத்து அவர் சிரிக்க, சபையே கைதட்டியது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அவர்கள் தந்த கேக்கைச் சாப்பிட்டேன்.

சிவப்பு முத்திரை குத்தி நாடா கட்டிய அந்தத் தீர்மானத்தை, பற்றிமா பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அனுப்பியது என் பிழைதான். அதற்காக, முத்திரையைக் கண்டவுடன் விசா என்று முடிவுகட்டி, நன்றிப்பூசை ஒப்புக்கொடுத்து, அவளுடைய கட்டிலையும் கோழிகளையும் சொந்தக்காரருக்குப் பிரித்துக் கொடுத்து, அவளைக் கொழும்புக்குக் கூட்டிவருவதா? அந்தக் கடதாசியை நீட்டினால் விமான நிலையத்தில் சிரிப்பார்கள். அவளுக்கு அந்த அவமானம் வேண்டாம். உடனே மன்னாருக்குத் திரும்பக் கூட்டிப்போம். கோழிகளையும் கேட்டு வாங்கும்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லும். ஆண்டவர் வீட்டாருக்குச் சுகத்தையும் உமக்குக் கொஞ்சம் நிதானத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உமது மச்சான்
அந்தோனிதாசன்

பி.கு: உறையில் ஒட்டத் தபால் முத்திரை இல்லாமல் கடிதம் நாலு நாள் கிடந்துவிட்டது. அதற்குள் மேயர் வீட்டுக்கு வந்தார். நான் சொன்னது பகிடி இல்லை என்று யாரோ அவருக்கு விளங்கப்படுத்தினார்களாம். முகம் சிவந்துபோய், நவம்பர் மாதத் தீர்மானத்தை என்னையே எழுதித் தரச் சொன்னார். "நவம்பர் மாதத்தை, பற்றிமா வந்துசேரும் மாதமாக இத்தால் பிரகடனம் செய்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தேன். நேற்றுச் சபையில் அத்தனை பேரும் கை உயர்த்தினார்கள். முத்திரை போனமுறையை விடப் பெரிது. வாசித்துப் பார்த்தேன் மச்சான், எனக்கே விசா மாதிரித்தான் கிடக்கு. இத்துடன் வைத்திருக்கிறேன். பற்றிமா கொழும்பிலேயே நிற்கட்டும்.