அக்காவின் முகமும் என் டிஷ்யூ பேப்பரும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் உங்கள் அக்கா கோபித்துக்கொண்டு அங்கே வந்துவிட்டாள், நான் இங்கே என் சமையலை நானே தின்றுகொண்டிருக்கிறேன். என் தரப்பையும் ஒருமுறை கேட்டுவிட்டு, எப்படியாவது அவளைச் சமாதானம் செய்து அனுப்பி வையுங்கள்.

கையில் அரிப்பு என்று தோல் டாக்டரிடம் போனதில் ஆரம்பித்தது. மருந்து எழுதிய கையோடு அந்த அம்மா, "எல்லார் தோலும் ஒண்ணு இல்லைங்க. சிலருக்கு எண்ணெய் வழியும், சிலருக்கு வறண்டு கிடக்கும், சிலருக்கு நெத்தியும் மூக்கும் வழியும், கன்னம் காயும். சில பேருக்கு எதைப் போட்டாலும் எரியும்" என்றார். இத்தனை வருடம் இந்தத் தோலுக்குள்ளேயே குடியிருந்தும் அது என்ன வகை என்று கேட்கத் தோன்றவில்லையே! எப்படிக் கண்டுபிடிப்பது என்று குடைந்தேன். முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டு, டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்க்கச் சொன்னார்.

தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவனுக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். கீழே கடையில் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். முகம் கழுவிக் காத்திருந்த உங்கள் அக்காவின் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாவற்றிலும் ஒற்றினேன். எங்கே ஒற்றினாலும் எண்ணெய்! "எனக்கு எப்பவும் முகம் இழுத்துப் பிடிக்குமேங்க?" என்றாள். "பேப்பர் பொய் சொல்லுமா?" என்று அடித்துச் சொன்னேன். எண்ணெய்ச் சருமத்துக்கான ஃபேஸ்வாஷ் வாங்கி வந்து, பக்கத்திலேயே நின்று வேளாவேளைக்குக் கழுவ வைத்தேன், அதுவும் வெந்நீரில். முகம் சிவந்து, தோல் உரிய ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில்தான் அவள் ஆபீஸில் மேனேஜராகப் பொறுப்பேற்கும் நாளும் வந்தது. படம் எடுத்தவர், "மேடம், வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

அவள் போன பிறகு, கடையிலிருந்து வந்த கையோடு என் மூக்கில் ஒற்றினேன், எண்ணெய். சுவர்க் காலண்டரில் ஒற்றினேன், எண்ணெய். அலமாரியில் இருக்கும் பீங்கான் பொம்மைக்கும் எண்ணெய்ச் சருமம்! அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன்.

திரும்பவும் டாக்டரிடம் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு வறண்ட சருமம்தானாம். வெந்நீர் கூடாது, அடிக்கடி கழுவக் கூடாது, முகத்தில் ஈரம் இருக்கும்போதே கிரீம் தடவ வேண்டும், புது கிரீம் என்றால் முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த கிரீமை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி யார் முகத்திலும் எதையும் ஒற்ற மாட்டேன் என்று நான் சத்தியம் செய்ததாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அக்காவே போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "தம்பிக்கு நெத்தியும் மூக்கும் வழியுதுங்க, கன்னத்துல பொட்டு எண்ணெய் இல்லை. இது ரெண்டும் கலந்ததுதானே? நான் உங்களை மாதிரி இல்லை, கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் ஒத்தினேன்" என்றாள். நீங்கள் மதியம் சோபாவில் தூங்கும்போது ஒற்றினாளாம். ஆகவே சமாதானம் எதுவும் பேச வேண்டாம். உங்கள் மனைவியின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாளாம்; தங்கச்சியைச் சீக்கிரம் முகம் கழுவிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.