கொல்லாமைக்கு ஒரு சரிகைத் துண்டு

“ஏங்க, டிவி ஸ்டேஷனுக்கு எந்தத் துண்டப் போட்டுகினு போனீங்க?”

கனகவதி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஆரணித் தமிழ் வாத்தியார் ஜினசந்திரன், மெட்ராஸில் பேச்சைப் பதிவு செய்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

“நம்ம கல்யாணத்துக்கு மாமா போட்ட பட்டு அங்கவஸ்திரம். ஏன்?”

“கொல்லாமையப் பத்திப் பேசறதுக்கு, புழுவ வேகவெச்சு எடுத்த பட்டா?”

வாத்தியார் ஓடிப்போய்ப் பெட்டியை மூடினார். கொசு அடித்த சக வாத்தியாரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த மனுஷன் அவர். இதை ஊர் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும்!

தெருவிலேயே டிவி இருந்தது பட்டுக்கடை மாமனார் ஆதிராஜ் வீட்டில் மட்டும்தான். நேரே அங்கே போனார். “மாமா, என் நிகழ்ச்சி கேன்சல் ஆயிடுச்சு.”

“நம்ம கடைப் பட்டு டிவியில வர்ற நேரத்துலயா?” கொதித்துப்போன ஆதிராஜ் உடனே மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டார். “எவனோ உங்ககிட்ட புளுகியிருக்கான் மாப்ள. வெள்ளிக்கிழமை ராத்திரி கண்டிப்பா வருதாம்!”

அந்தச் சந்தோஷத்தில் ரிக்‌ஷாவில் மைக் கட்டி, பக்கத்து ஊர் சேவூர் வரைக்கும் சொல்லியனுப்பினார்.

அது சாப்பாட்டு நேரம், யாரும் வரமாட்டார்கள் என்று வாத்தியார் தன்னையே தேற்றிக்கொண்டார். பாவம், பதற்றத்தில் சொந்தத் தெருவையே மறந்துவிட்டார். இருட்டினால் சாப்பிடாத சமணத் தெருவில் பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, வேறு வேலையில்லாமல் ஆதிராஜ் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நல்லவேளை, டிவியில் ஒரே புள்ளியும் கோடுமாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமும் தொலையட்டும் என்று வாத்தியார் மொட்டைமாடிக்கு ஓடி, ஆன்டெனாவைப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

“தெரியுது சார்! கண்ணாடியாட்டம் தெரியுது! ஜல்தியா எறங்கி வாங்க!” என்று கீழேயிருந்து கூச்சல்.

அவர் இறங்கி வந்தபோது, டிவியிலிருந்த ஜினசந்திரன் “ஒரு புழுவின் உயிரும் உயிரே” என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோளில் சரிகை பளபளத்தது.

தறிக்கார வீரன் தலையைச் சொறிந்தார். “சார்... தோள் மேல கீறது பட்டுதானே?”



“பின்ன? நம்ம கடைச் சுத்தப் பட்டு!” என்று ஆதிராஜ் பெருமையாக முழங்கினார்.

எல்லாத் தலையும் வாத்தியார் பக்கம் திரும்பியது. அவருக்கு அவமானத்தில் கண்ணீரே வந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த மாமியார் தர்மாம்பாளுக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அழாதீங்க மாப்ள, அதுல ஒரு புழுவும் சாவல. கல்யாணத்தப்ப இவரு உங்களுக்குப் போட்டது சுத்தமான நைலான்!”