பூட்டிய விலையும் திறந்த ஜன்னலும்

மெய்ன் மாநிலம்,
ஜனவரி கடைசி.

அறிவிற் சிறந்த மைத்துனர் கிளேட்டன் அவர்களுக்கு, உங்கள் அக்கா வெர்னாவைக் கட்டிய லீலண்ட் எழுதுவது. ஃபுளோரிடா வெயிலில் தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், விசாரிக்க வேண்டியதில்லை. இங்கே நாங்களும் பனியனோடு நலம். காரணம் கீழே.

ஆகஸ்ட்டில் வந்தபோது தாங்கள் அருளிய யோசனை நினைவிருக்கும். "அத்தான், குளிர் வந்தா வீட்டு ஹீட்டருக்கு ஊத்துற காஸ் விலை ஏறும். இப்பவே கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு விலையைப் பூட்டிடுங்க." பூட்டினேன், கேலன் மூன்று டாலர் என்று. உடனே இந்த ஊர் காணாத இளங்குளிராகப் பார்த்து வந்தது, விலை இரண்டு டாலருக்கு இறங்கியது, பக்கத்து வீட்டு ஹாலிஸ் தினமும் வேலியருகே வந்து, "என்ன லீலண்ட், பூட்டு பலமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கம்பெனிக்குப் போன் செய்தேன். "சார், ஏறாதுன்னுதான் சொன்னோம். இறங்கும்னு சொல்லலையே. அதுக்குத் தனிக் கட்டணம், நீங்க கட்டலை" என்றாள் ஒரு பெண், தேனொழுக. சரி, வேறு கம்பெனியில் வாங்குகிறேன் என்றேன். "தாராளமா வாங்குங்க. ஆனா டாங்க் எங்களோடது, அதுல அவங்க குழாயை வைக்கக் கூடாது." வீடு என்னுடையது, தோட்டம் என்னுடையது, அதன் நடுவில் வெள்ளைப் பன்றி மாதிரி படுத்திருக்கும் டாங்க் மட்டும் அவர்களுடையதாம்.

ரோஷத்தில் ஹீட்டரைத் தணித்து, விறகடுப்பே போதும் என்று வேட்டைக் கோட்டோடு படுத்தேன். வெர்னா கையுறையோடு காபி குடித்தபடி, "ஹீட்டர் ஏறணும், இல்லேன்னா நான் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அவள் போய்விட்டால் எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நிஜமாகவே பயந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தேன்குரல் மறுபடி கூப்பிட்டு, ஒப்பந்த அளவை எரிக்காவிட்டால் அபராதம் என்றது. மிச்சம் பிடித்ததற்கு அபராதமா? இந்தா பிடி என்று ஹீட்டரை முழுசாகத் திருகினேன். வெர்னாவுக்கு வியர்த்தது, ஜன்னல்களைத் திறந்தேன். இந்த ஊர் வழக்கப்படி சனிக்கிழமை மட்டும் நாள் முழுக்க வேகும் பீன்ஸ், காஸை எரிக்கவென்றே செவ்வாய்க்கிழமையும் வெந்தது. இனி அபராதம் ஒரு சென்ட் கிடையாது, வெர்னாவும் எங்கும் போகவில்லை.

இனிமேல் தங்கள் யோசனைகளைத் தாங்களே வைத்துக்கொண்டு பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
லீலண்ட்.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் அசல் குளிர் வந்துவிட்டது. ஊரில் விலை நான்கரை டாலர். ஹாலிஸ் வேலிப் பக்கமே வருவதில்லை. தங்கள் யோசனை தங்கமான யோசனை, மேலே உள்ளதை மறந்துவிடவும். ஒரே ஒரு சங்கடம், தேன்குரல் சொன்னது: ஒப்பந்தக் காஸ் மொத்தத்தையும் ஜன்னல் வழியாக ஊருக்கு ஊட்டிவிட்டேனாம். இனி எனக்கும் நான்கரைதானாம். வெர்னா பெட்டி கட்டிவிட்டாள். கெஞ்சியதில் என் சட்டைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை இருவரையும் அழைத்துப்போக பஸ் நிலையத்துக்கு வரவும்.